ஈரல் புழுவும் நான் எழுதாமல் விட்ட ஒரு சொல்லும்

குற்றமற்ற ஒருவரை நான் சிறைக்கு அனுப்பினேன். பொய்ச்சான்று எழுதி அனுப்பவில்லை. நான் எழுதிய சான்றிதழில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரே ஒரு சொல்லை எழுதாமல் விட்டேன். அதற்கு அவர் ஒன்றரை ஆண்டு உள்ளே இருந்தார்.

சென்ற மாதம் தஞ்சாவூரில் இளம் கால்நடை மருத்துவர்கள் சிலர் என்னைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து ஒரு மலர் போடுகிறார்களாம். அவர்களில் ஒரு பெண் கேட்டார்: "சார், ஈரல் புழுவுக்கு இப்ப நாங்க சினை மாட்டுக்கே பயமில்லாம மருந்து கொடுக்கறோம். உங்க காலத்துல என்ன கொடுத்தீங்க?" நான் பெயரைச் சொன்னேன். கார்பன் டெட்ராகுளோரைடு. "அது துணியில கறை எடுக்கற கெமிக்கல் இல்ல?" என்று ஒரு பையன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பேருந்தில் திரும்பும்போதே இதை மனத்துக்குள் எழுதத் தொடங்கினேன். மலருக்கு என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. நான் தருவது இது.

சென்னையில் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், தேறினேன். இருபத்தாறு வயதில் திருவாரூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் போட்டார்கள். ஓட்டுக் கட்டடம், ஒரு நுண்ணோக்கி, ஒரு அலமாரி, ஒரு சைக்கிள். நான் தொழில் கற்றது அங்கே, என் மேலதிகாரியிடம். மாவட்ட அதிகாரியான அவரை எல்லோரும் 'பெரிய டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பெரிய டாக்டர் காக்கி அரைக்கால் சட்டையில் வருவார். யார் வீட்டுத் தொழுவத்துக்குப் போனாலும் சொந்த சோப்பும் சொந்தத் துண்டும் கொண்டுபோவார். மிராசுதார் வீடானாலும் சரி, குடியானவர் வீடானாலும் சரி, காபி சாப்பிட மாட்டார். நாங்கள் எழுதும் அறிக்கைகளை வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் பென்சிலை வைப்பார். "அலங்காரமெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு வச்சுக்கய்யா. இது செத்த மாடு" என்பார். சந்தேகம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரே கேள்வியை மூன்று முறை, குரல் ஏறாமல் இறங்காமல் கேட்பார். மூன்றாம் முறை கேட்பதற்குள் பெரும்பாலும் உண்மை வந்துவிடும்.

மருந்து கொடுக்குமுன் மாட்டின் நெஞ்சைச் சுற்றி நாடா போட்டு அளந்து எடையைக் கணக்கிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். நான் ஒருமுறை கண்ணால் பார்த்து எடை சொன்னேன். "கண்ணால எடை போடறது கறிக்கடைக்காரன் வேலை. அவன் சொன்னா சரியா இருக்கும். உனக்கு அந்தக் கண்ணு கிடையாது. நாடாவ எடு."

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது அது. அலுவலகப் படிவங்கள் ஒவ்வொன்றாகத் தமிழுக்கு வந்துகொண்டிருந்தன. ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய எங்களுக்குத் தமிழில் நோயின் பெயரை எழுதுவதற்குள் வேர்த்துவிடும். பெரிய டாக்டர் தன் கையாலேயே ஒரு சொற்பட்டியல் தயாரித்து எல்லா மருந்தகத்துக்கும் அனுப்பியிருந்தார். அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். அதில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருந்தன. மாட்டுக்கு யாரோ விஷம் வைத்தால் 'நச்சு'. கொடுத்த மருந்தே மாட்டைக் கொன்றால் 'மருந்து நச்சு'.

அந்த வருடம் டெல்டா கொதித்துக்கொண்டிருந்தது. அறுவடைக் கூலி உயரவேண்டும் என்று தொழிலாளர்கள் கொடி கட்டினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வயலில் கதிர் நின்றது, வரப்பில் போலீஸ் நின்றது. அதே வருடம் ஈரல் புழுவும் அதிகம். மழை விட்டும் வாய்க்காலில் தண்ணீர் வடியாமல் கிடந்தால் நத்தை பெருகும். நத்தையிலிருந்து வெளிவரும் புழுக்குஞ்சு புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மேய்ந்த மாடு இரண்டு மூன்று மாதத்தில் இளைத்து, கழிந்து, தாடைக்கு அடியில் நீர் கோத்து நிற்கும்.

ஒரு பெரிய பண்ணையிலிருந்து ஆள் வந்தது. பதினொரு மாடுகளும் தாடை வீங்கி நிற்கின்றன என்றார்கள். சாணத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். நுண்ணோக்கியில் பொன்னிறத்தில் ஈரல் புழு முட்டைகள். மாட்டுக்குக் கொடுக்கவேண்டிய மருந்து கையிருப்பில் இல்லை. ஆட்டுக்குக் கொடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது. மாட்டுக்கு வாய்வழியாகக் கொடுப்பதானால் மிகவும் கவனம் வேண்டும், நலிந்த மாட்டுக்குக் கொடுக்கவே கூடாது என்று பெரிய டாக்டர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆனாலும் எடுத்துப்போனேன். பண்ணையிலிருந்து வண்டி வந்து நின்றது. மதியச் சாப்பாடு மிராசுதார் வீட்டில் என்று பண்ணையை நிர்வகித்த காரியக்காரர் சொல்லியிருந்தார். மருந்து இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருக்கக்கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பண்ணை மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கிரி. முப்பது வயது இருக்கும். கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்தவர். மாடுகளுக்காக மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். "வயக்காட்டுக்கு வரமாட்டேன், மாடு என்ன பண்ணுச்சு பாவம்" என்று காரியக்காரரிடமே சொல்லியிருக்கிறார். காரியக்காரர் என் எதிரிலேயே அவரைக் குத்திப் பேசினார்.

"வாங்க தலைவரே! மாட்டுக்கும் சங்கம் வச்சாச்சா?"

"வச்சா மொதல்ல வைக்கோலுதான் கேக்கும் ஐயா. பாருங்க எப்படி நிக்குதுன்னு."

நான் நாடாவை எடுக்கவில்லை. கண்ணால் பார்த்தே அளவு போட்டேன். பக்கிரி ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி அணைத்து, தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து பிடிக்க, நான் மூங்கில் குழாயில் ஊற்றினேன். நாலாவது மாட்டின் பக்கத்தில் அவர் தயங்கினார்.

"ஐயா, இது ரொம்ப நோஞ்சானுங்க. இதோட இன்னும் மூணு இருக்கு. ஒரு வாரம் தவிடு வச்சுத் தேத்திட்டு ஊத்தலாங்களா?"

"டாக்டர் நீயா நானா?"

"நீங்கதாங்க" என்று சொல்லி வாயைப் பிளந்து பிடித்தார்.

முடித்ததும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "ரெண்டு மணி நேரம் தண்ணி காட்டாதே. காட்டுனா மருந்து கெட்டுப்போகும்." அது மருந்து நீர்த்துப்போகாமல் இருக்கச் சொல்வது. தண்ணீர் கொடுத்தால் ஆபத்து ஒன்றும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் பண்ணை வண்டி மறுபடி வந்தது. நாலு மாடு செத்துக் கிடந்தன. பக்கிரி காட்டிய அதே நாலு.

நான் போனபோது போலீஸ் அங்கே இருந்தது. பக்கிரியை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். காரியக்காரர் சப்-இன்ஸ்பெக்டரிடம், "ரெண்டு நாள் முன்னாடிதான் சார் கூலித் தகராறுல என்னைப் பாத்துக் கை நீட்டிப் பேசினான். பூச்சி மருந்து பண்ணையிலேயே இருக்கு. வேற யாரு மாட்டுக்கிட்ட போவா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பார்க்க முதல் மாட்டைத் திறந்தேன். வலப்பக்கம் விலாவை விலக்கி ஈரலை வெளியே எடுத்தேன். கத்தி வைத்ததும் நறநறவென்று மணலை அறுப்பதுபோல் ஓசை வந்தது. பித்தக் குழாய்கள் புழுவால் தடித்துச் சுண்ணாம்பு கட்டியிருந்தன. அமுக்கினால் இலை இலையாகப் புழு வந்து விழுந்தது. அதெல்லாம் நான் எதிர்பார்த்தது. எதிர்பாராதது மற்றது. மிச்சமிருந்த ஈரல் முழுவதும் மஞ்சள் பூத்து, விரல் வைத்த இடத்தில் குழைந்தது. இரைப்பையைத் திறந்தபோது அந்த வாசனை. லேசான இனிப்பு. இரண்டு நாளைக்கு முன் என் குழாயிலிருந்து வந்த அதே வாசனை. கத்தியைக் கீழே வைத்தேன்.

பக்கிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "ஐயா, மருந்து வாசம் இன்னும் அடிக்குதுங்களே."

"நீ சும்மா இரு" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "டாக்டர், விஷமா இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை போதும்."

"விஷம்தான்."

மருந்தகத்துக்கு வந்து படிவத்தை எடுத்தேன். 'இறப்பின் காரணம்' என்ற கட்டம். அலமாரியைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். இரண்டு வரிகளும் கண் எதிரே இருந்தன. 'ஈரல் புழுத் தாக்கம். நச்சு' என்று எழுதினேன். 'மருந்து' என்று எழுதவில்லை. யார் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உறுப்புகளைச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் தாளில் என்ன நஞ்சைத் தேடவேண்டும் என்று ஒரு கேள்வி உண்டு. 'பயிர்ப் பூச்சி மருந்து' என்று எழுதினேன். அவர்கள் அதைத் தேடினார்கள். கிடைக்கவில்லை என்று பதில் எழுதினார்கள்.

பெரிய டாக்டர் என் சான்றிதழைப் படித்தார். 'நச்சு' என்ற சொல்லுக்கு அடியில் பென்சில் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த நச்சு?"

"தெரியவில்லை சார்."

"எந்த நச்சு?"

"உறுதியாச் சொல்லமுடியாது சார்."

"எந்த நச்சு?"

"தெரியாது சார்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலொப்பம் போட்டார். பல வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்ற அன்று, நான் மாலை போடும்போது என் காதருகே குனிந்து, "மூணு தடவை கேட்டேன்யா" என்றார். அவ்வளவுதான். அவருக்கும் தெரிந்திருக்கிறது. மாலையின் மறுமுனை என் கையிலேயே இருந்தது.

நீதிமன்றத்தில் நடந்ததைப் பல வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. ஆய்வுக்கூடம் எதையும் காணவில்லை. சாட்சி என்று பார்த்தால் காரியக்காரர் ஒருவர்தான். பக்கிரி விடுதலையாகிவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாஜிஸ்டிரேட் பக்கிரியைக் கேட்டார்: "இந்த மாடுகள் சாவுக்கு நீ காரணமா?"

பக்கிரி கைகூப்பினார். "என்னாலதாங்க செத்துச்சு. குடுக்கக் கூடாததைக் குடுத்துட்டேனுங்க."

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. அவருடைய வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். மாஜிஸ்டிரேட் குனிந்து எழுதினார். 'கொடுக்கக் கூடாததை' என்று அவர் எழுதும்போது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது விஷம். என் ஒருவனுக்கு மட்டும்தான் அது தண்ணீர். அவரிடம் நான் கூடாது என்று சொன்னது அது ஒன்றைத்தான். நான் போனபின் அந்த நாலு நலிந்த மாடுகளும் நாக்கைத் தொங்கவிட்டுக் கத்தியிருக்கின்றன. இவர் மனம் கேட்காமல் தண்ணீர் காட்டியிருக்கிறார். நான் கூடாது என்று சொன்ன தண்ணீரால்தான் மாடு செத்தது என்று நம்பி அங்கே நின்றார்.

எழுந்து நின்று, "ஐயா, அவர் தண்ணீரைச் சொல்கிறார்" என்று சொன்னால் போதும். நாலு சொல். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் எட்டு ஊர்களில் வேலை பார்த்தேன். நல்ல டாக்டர் என்ற பெயரும் வந்தது. எல்லா மாட்டுக்கும் நாடா போட்டு அளந்தேன். அதைப் பார்த்து ஊரார் பாராட்டும்போதெல்லாம் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து வேதாரண்யத்துக்கு மாற்றினார்கள். உப்பளத்துப் பக்கம் ஒரு தெருவில் குடற்புழு நீக்க முகாம். அப்போது மருந்து மாறிவிட்டது, நல்ல மருந்து. வரிசையாக ஆடு மாடுகளுக்குக் கொடுத்துவிட்டு, பழைய வழக்கத்தில் குரல் கொடுத்தேன்: "ரெண்டு மணி நேரம் யாரும் தண்ணி காட்டாதீங்க."

பின்னால் நின்ற ஒரு ஆள் சட்டென்று திரும்பி விறுவிறுவென்று நடந்தார். இரண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் சிரித்தார்.

"எங்க ஊட்டுக்காரருதாங்க. அந்த வார்த்த அவருக்கு ஆவாது. மாடு தண்ணி குடிக்கிறதப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிடுவாரு."

"அவர் பேர் என்னம்மா?"

"பக்கிரிங்க."

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாதத்தில் உப்பு வெடிப்பு. என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்கய்யா" என்று கூப்பிட்டு, கவிழ்த்திருந்த வாளியைத் துடைத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாடா போடாதது, ஆட்டு மருந்து, வாசனை, விட்ட சொல், நீதிமன்றம்.

முடித்தபின் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப, தண்ணியால இல்லிங்களா?"

"இல்லை. தண்ணீர் நல்லதுதான் செய்திருக்கும்."

அவர் உள்ளே திரும்பி, "அஞ்சம்மா, தண்ணியால இல்லியாம்" என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான்.

திட்டியது அஞ்சம்மாள்.

"பன்னண்டு வருசம் இந்த மனுசன் தூக்கத்துல எந்திரிச்சு ஒக்காருவாரு, தண்ணி தண்ணின்னு. இவுரு ஜெயிலுக்குப் போன மறுவாரம் பண்ணை ஆளுவ குடிசையப் பிரிச்சு எறிஞ்சானுவ. தெருவுக்கே மனைப்பட்டா குடுத்தாங்க, எங்களுக்கு இல்ல. பட்டாவுக்கு சர்க்காரு வச்ச தேதிக்கு நாங்க அங்க குடியில்லியாம். உப்பு வார வந்தோம். இப்ப வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுச் சொல்றீங்க. இங்க சொன்னா யாருக்குக் கேக்கும்? இவர உள்ள போட்டீங்களே, அந்தக் கோர்ட்டுல போயிச் சொல்லுங்க."

சொன்னேன். உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டேன். காலம் கடந்த மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீலைப் பிடித்தேன். துறையிலிருந்து விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். பதவி உயர்வை நிறுத்தினார்கள். சகாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். "முடிஞ்சுபோனதை எதுக்குய்யா தோண்டறே, எங்களையும் சேர்த்துல்ல பாப்பாங்க" என்றார் ஒருவர். மனைப்பட்டாவுக்கு நாலு மனு போட்டேன். நாலும் 'குறிப்பிட்ட நாளில் குடியிருப்பு இல்லை' என்று திரும்பி வந்தன. குடிசை நின்ற இடத்தில் அப்போது வேறொருவரின் மாடி வீடு.

மேல்முறையீட்டில் தீர்ப்பு வர வருடக்கணக்கானது. நகலை எடுத்துக்கொண்டு ஓடினேன். கணவனும் மனைவியும் எதிரே உட்கார, சத்தமாகப் படித்தேன். கடைசியில், 'சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து, அவர் விடுதலை செய்யப்படுகிறார்' என்று இருந்தது.

"சந்தேகமா? யாருக்கு?" என்றார் அஞ்சம்மாள்.

"விடு புள்ள" என்றார் பக்கிரி.

"இல்ல, கேக்குறேன். இவருதான் தெளிவா எழுதிக் குடுத்தேன்னாரே. பொறவும் என்ன சந்தேகம்?"

"கோர்ட்டுல அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"ஆமா, அப்படித்தான் எழுதுவீங்க" என்று சொல்லி, நகலை மடித்து என் பக்கம் தள்ளினார். பக்கிரி தடுக்கவில்லை.

பக்கிரி இறந்து பல வருடமாகிறது. கடைசிவரை உப்பளத்தில்தான் இருந்தார், மாடு வளர்க்கவில்லை. தீர்ப்பில் எழுதாததை நான் எழுதுகிறேன். அந்த நாலு மாடுகளுக்கு நஞ்சு கொடுத்தது நான். பக்கிரி கொடுத்தது தண்ணீர்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் வேதாரண்யம் போய் அஞ்சம்மாளிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. தன்னைப் பற்றி எழுதியது எதையும் மாற்றச் சொல்லவில்லை. முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"குடுத்தது நீங்கன்னு வருதுல்ல, அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் படிங்க" என்றார்.

படித்தேன்.